சிலிண்டர் நம்பரும் சிங்கப்பூர்க் கப்பலும்

"நடுக்கடலிலும் உறவுகளுடன் தொடர்பில் இருங்கள்" என்ற வாசகத்துக்குக் கீழே, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படத்தைப் போட்டு, எங்களைக் கப்பலேற்றி அனுப்பிய அதே பயண முகவர் அலுவலகம் இன்று காலை எனக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியிருக்கிறது. கோடை விடுமுறைக்கான முன்பதிவு தொடங்கிவிட்டதாம். ஏற்கெனவே போய் வந்தவர்களுக்குச் சலுகையும் உண்டாம். ஏற்கெனவே போய் வந்தவன் என்ற உரிமையில் அந்தப் படத்துக் குடும்பத்திடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த அழைப்புக்கு நிமிடத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள்?

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், அங்கே மரினா பே முனையத்தில் ஏறினால் உல்லாசக் கப்பல் என்று நம் ஊரிலேயே எத்தனையோ பேர் போய் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். நீச்சல் குளத்தின் தண்ணீர் உப்பா நல்லதண்ணியா என்பது வரை சொன்னார்கள். காலையில் இட்லி கிடைக்கும், ஆனால் சட்னியை நம்பாதே என்று கூட ஒருவர் எச்சரித்தார். கப்பல் கரையை விட்டு விலகியதும் கையில் இருக்கும் போன் என்ன கதியாகும் என்பதை மட்டும் ஒரு பிள்ளையும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் முகவரிடமே நேரடியாகக் கேட்டேன். "வைஃபை இருக்கு சார், ஃபுல் கவரேஜ்" என்று கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கப்பலில் வைஃபை இருந்தது. நகைக்கடைக் கண்ணாடிக்குள் நகை இருப்பதைப் போல இருந்தது.

கப்பல் கிளம்புவதற்கு முன்பு எல்லாரையும் கூட்டி வைத்துப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும், மிதவைச் சட்டையின் வாரை எப்படி இழுத்துக் கட்ட வேண்டும் என்றெல்லாம் பல மொழிகளில், பொறுமையாக, செய்து காட்டினார்கள். நல்லது, உயிர் முக்கியம். ஆனால், என் வாழ்நாளில் ஒருபோதும் நடக்கக்கூடாத விபத்துக்கு இத்தனை பாடம் நடத்தியவர்கள், இன்னும் இரண்டு மணி நேரத்தில் அங்கிருந்த அத்தனை பேருக்கும் நடக்கப்போகும் விபத்தைப் பற்றி, "போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்துவிடுமா?

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. மதுரையில் அப்போது பிற்பகல் இரண்டரை. மேல்தளத்தில் நின்று கையசைத்தோம். சிங்கப்பூருக்கும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கும் நடுவே இருக்கும் கடல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலம்தான் என்பதால், அக்கா வீட்டுக்காரரான என் அத்தானின் போனில் வரவேற்பு எஸ்எம்எஸ்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. சிங்கப்பூர் விடை கொடுப்பதற்குள் இந்தோனேசியா வரவேற்றது, அதைப் படித்து முடிப்பதற்குள் மலேசியா வரவேற்றது. அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடையது போஸ்ட்பெய்டு, வெளிநாட்டிலும் ஊர் எண்ணிலேயே பேசுவதற்கான ரோமிங் பேக் வேறு போட்டு வந்திருந்தார். என்னுடையது ப்ரீபெய்டு, ஊர் சிம் உறங்கிக்கொண்டிருந்தது, சிங்கப்பூரில் வாங்கிய உள்ளூர் சிம் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அந்த உள்ளூர் சிம்மின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து செத்தது. அத்தானின் போனில் மட்டும், நான் கேள்வியே பட்டிராத ஏதோ ஒரு வலையமைப்பின் பெயர் வந்து உட்கார்ந்தது. "பார்த்தியா, நடுக்கடல்லயும் ஃபுல் சிக்னல்" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. உசிலம்பட்டி மாமா.

"மாப்ளே, கப்பல் கெளம்பிருச்சா? ஆட்டம் காட்டுதா? தங்கச்சி வாந்தி எடுக்கலையே? மழை கிழை உண்டா? இங்க ஒரு சொட்டு இல்ல." மழையில் தொடங்கிய மாமா, கண்மாய்க்கு வந்து, கண்மாயிலிருந்து பஞ்சாயத்துக்குப் போய், பஞ்சாயத்தில் தனக்கு நடந்த அநியாயத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்த பிறகு, "ஆங், சொல்ல மறந்துட்டேன்" என்று விஷயத்துக்கு வந்தார். நரிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் போடும் பையன் நிற்கிறானாம். நம்பர் கேட்கிறானாம். அம்மாவுக்கு நம்பர் தெரியவில்லையாம். அம்மா என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். மாமா அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்த நம்பர் எது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிலிண்டர் பதிவு செய்தால் போனுக்கு வரும் நாலு இலக்கம், அதைச் சொன்னால்தான் கணக்கில் ஏறும். இணைப்பு என் பெயரில், எண் என் எண், அந்த எண்ணின் சிம் நடுக்கடலில் ஊமையாகக் கிடக்கிறது. சரி, எப்படியாவது அம்மாவிடம் பேசியாக வேண்டும், அதற்குக் கப்பலின் இணையத்தை வாங்கிவிடுவோம் என்று அறைக்கு ஓடினேன்.

இனிமேல்தான் திருவிளையாடல். கப்பலின் செயலி இலவசமாகவே திறக்கும். இரவு உணவுப் பட்டியல், சூதாட்டக் கூடம் திறக்கும் நேரம், எண்ணெய்க் குளியலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். "இணையம்" என்று போட்டிருந்ததைத் தொட்டால் மூன்று அடுக்குகளில் விலை வந்தது, அதுவும் ஒரு கருவிக்கு மட்டும். கீழ் அடுக்கைத் தேர்ந்தெடுத்தேன். அறைக் கணக்கில் அட்டையை இணைக்கச் சொன்னது. பதினாறு இலக்கத்தையும் ஊன்றி அடித்தேன். அட்டை மறுக்கப்பட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தேன். மறுபடி மறுக்கப்பட்டது. முந்தைய நாள்தான் சிராங்கூன் சாலைக் கடையில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வாங்கியபோது இதே அட்டை மகராசனாக வேலை செய்தது. அப்புறம்தான் உறைத்தது: வெளிநாட்டுக் கடையில் தேய்ப்பதற்கு ஒரு சுவிட்ச், வெளிநாட்டு இணையத்தில் வாங்குவதற்குத் தனியாக இன்னொரு சுவிட்ச். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அப்படி. திருடனிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. அந்தச் சுவிட்சை எங்கே போட வேண்டும்? வங்கியின் செயலியில். வங்கியின் செயலி எதில் திறக்கும்? இணையத்தில். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யலாமே என்றால், போன் எங்கே வேலை செய்கிறது?

இணையம் வாங்குவதற்கு இணையம் வேண்டும் என்பதை வரவேற்பு மேசைக்குப் போய், முகூர்த்த நாள் பந்திக்கு நிற்பதைவிட நீண்ட வரிசையில் நின்று, அங்கிருந்த பெண்ணிடம் எடுத்துச் சொன்னேன். அவர் மிகுந்த கனிவோடு கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், "செயலியில் அட்டையை இணையுங்கள்" என்றார். செயலியில்தான் இணைய மறுக்கிறது என்றேன். "அப்படியானால் உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்றார். எதைக் கொண்டு தொடர்பு கொள்வது என்று கேட்டேன். "எங்களிடம் சிறந்த இணையத் திட்டங்கள் இருக்கின்றன" என்றார், அதே புன்னகையோடு. எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு குஜராத்திப் பெரியவர் என் தோளில் கை வைத்தார்; அவருக்கும் அதே நோய் என்று கண்ணிலேயே தெரிந்தது.

ரொக்கமாகக் கட்டலாம் என்று கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். மேசையில் ரொக்கம் வாங்கும் நேரம் முடிந்துவிட்டதாம். சூதாட்டக் கூடத்துக் காசாளரிடம் கட்டினால் அறைக் கணக்கில் ஏறிவிடுமாம். தலையில் மல்லிகைச் சரத்தோடும் கையில் சிங்கப்பூர் டாலரோடும் என் மனைவி முன்னால் நடக்க, மின்னும் இயந்திரங்களுக்கும் சிகரெட் புகைக்கும் நடுவே நான் பின்னால் போனேன். சூதாட்ட மண்டபத்தில் நாட்டைத் தோற்றவரைக் கதையில் கேட்டிருக்கிறோம்; அங்கே போய்க் கேஸ் சிலிண்டருக்கு வழி தேடிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இணையம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாட்ஸ்அப்புக்கு அழைத்தேன், போகவில்லை. கீழ் அடுக்கில் எழுத்து மட்டும்தானாம்; குரலுக்கு மேல் அடுக்காம். ஏறினேன், வேறென்ன செய்ய. அந்தப் பெண் ஓடிப்போய் அம்மாவின் காதில் போனை வைத்தாள். அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் "கேக்குதா?" என்றார். நான் "கேக்குது" என்றபோது அவர் "கேக்கலையா?" என்றார். நான் "சாப்பிட்டேன்" என்றது எந்தக் கேள்விக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது; அம்மா "நம்பரா?" என்றார்.

இந்தத் தாமதம் ஏன் என்பது எனக்குத் தெரியும். கரையில் இருக்கும் கோபுரங்கள் ஊரைப் பார்த்து நிறுத்தப்பட்டவை. அதோடு பூமி வளைந்து கிடப்பதால் கொஞ்ச தூரத்துக்கு மேல் அவற்றின் அலை எட்டாது. அதனால்தான் பெரும்பாலும் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர், தாண்டியதும் கப்பல் தன் சொந்தக் குட்டிக் கோபுரங்களை இயக்கிச் செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது. பழைய வகைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. ஒரு சொல் அங்கே ஏறி, இறங்கி, அதற்கான மறுமொழியும் அப்படியே ஏறி இறங்க அரை விநாடி ஆகும். ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டரிலேயே சுற்றுவதால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. 2022 முதல் பெரிய கப்பல் நிறுவனங்கள் அதற்கு மாறத் தொடங்கிவிட்டன. எங்கள் கப்பலின் உச்சியில் வெள்ளை வெளேரென்று நின்ற கோளங்களுக்குள் இருப்பது எது என்று ஒரு ஊழியரிடம் கேட்டேன். "அதிவேகம் சார்" என்றார். கடலில் சிக்னல் அனுப்பச் செலவு ஆகும், ஒப்புக்கொள்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரைக்குள்ளேயே யாருக்கும் போன் கிடைக்காது; அதற்காக நாம் யாரையும் திட்டுவதில்லை, கூட்டம் அவ்வளவு என்று புரிகிறது. காசு வாங்கும்போது சொல்ல முடிந்த ஒன்றை, கரை மறையும் வரை சொல்லாமல் வைத்திருந்தால்தான் வயிறு எரிகிறது.

எரிச்சலின் உச்சம் இனிமேல்தான். இத்தனை டாலர் கொட்டி, சூதாட்டக் கூடம் வரை போய் இணையம் வாங்கிவிட்டேனே, நம்பர் வந்ததா? வராது. அது எஸ்எம்எஸ். என் சிம்முக்கு ரோமிங் இல்லாத வரையில், கப்பலின் வைஃபையை வாளி வாளியாக ஊற்றினாலும் அது வரப்போவதில்லை. இதை நான் அம்மாவிடம் அரை விநாடிக்கு அரை விநாடி விளக்கிக்கொண்டிருந்தபோது, மேல்தளத்தில் அத்தானின் போன் மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது. மாமாதான். சிலிண்டர் பையன் நம்பர் இல்லாமலேயே சிலிண்டரை வைத்துவிட்டுப் போய்விட்டானாம், "தெரிஞ்ச வீடுதான், அப்புறம் சொல்லுங்க" என்று சொன்னானாம். எப்போது போனான்? மாமா முதல் தடவை கண்மாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே போய்விட்டானாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பஞ்சாயத்தைத் தொடர்ந்தார்.

ஊர் திரும்பிய பிறகு அத்தானுக்கு பில் வந்தது. அவர் போட்டிருந்த பேக் சிங்கப்பூருக்குப் பொருந்தும், மலேசியாவுக்குப் பொருந்தும், இந்தோனேசியாவுக்கும் பொருந்தும். கப்பலுக்குப் பொருந்தாது என்பது விதிமுறைகளின் அடியில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் இருந்தது. அந்தப் பெயர் தெரியாத வலையமைப்பு கப்பலுடையது. அதில் நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் நிமிடத்துக்கு நிமிடம் காசு. பில்லில் ஒவ்வொரு அழைப்பும் நேரம் போட்டு வரிசையாக இருந்தது. உசிலம்பட்டி, உசிலம்பட்டி, உசிலம்பட்டி. அத்தான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சில நாட்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பஞ்சாயத்துக் கதையின் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆனது என்று அக்கா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பஞ்சாயத்தையே விலைக்கு வாங்கியிருக்கலாம் என்றாள்.

மாமா ஒரு காதுகுத்துக்காக வந்திருந்தபோது பில்லை அவரிடமே காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் படித்தார். சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தோம்.

"உள்ள வர்ற போனுக்குக் காசா? அநியாயமா இருக்கே மாப்ளே. எனக்கு ஒரு பைசா புடிக்கலையே, நான்தான் மாசாமாசம் அன்லிமிடெட் போட்டுர்றேனே" என்றார். பில்லைப் பத்திரமாக மடித்து அத்தானிடம் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவ கப்பலுக்குப் போனா, பேசாம என் சிம்மக் கொண்டு போங்க."

பில் வந்த நாளிலிருந்து உர்ரென்று இருந்த அத்தான் அன்றைக்குத்தான் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று.