மூத்தது சாது, இளையது வாய்க்காரி

போன கிழமை ஒரு சாமத்தியவீட்டில் அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்து ஒரு மாமி சொன்னார்: "மூத்தது சோலி சுரட்டில்லாத பிள்ளை. சின்னது சரியான வாய்க்காரி." சின்னவள் சிரித்தாள். மூத்தவள் தாயின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. இதே இரண்டு பெயரையும் சுமந்துகொண்டுதான் அக்காவும் நானும் யாழ்ப்பாணத்தில் சங்கானைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தோம்.

கிணற்றடியில் நான் ஊர்க்கதை எல்லாம் அளந்துகொண்டிருப்பேன். அக்கா கப்பிக் கயிற்றை இழுத்து இழுத்து எனக்கும் சேர்த்துத் தொட்டியை நிரப்பிவிட்டுப் பேசாமல் போவாள். அம்மம்மா அவளை 'வாயில்லாப் பூச்சி' என்பார். பாசமாகத்தான். ஆனால் அந்தப் பாசமான பெயர்தான் பிறகு அவளை வீட்டோடு கட்டிப்போட்டது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமமே இரவோடு இரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெரிந்து ஒரு அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. எனக்கு 10 வயது, குரல் எடுத்து அழுகிறேன். அக்காவுக்கு 13. பின்னலில் இருந்த ரிபனை அவிழ்த்தாள். ஒரு நுனியை என் மணிக்கட்டில் கட்டி, மறு நுனியைத் தன் கையில் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். கைதடி போய்ச் சேரும் வரைக்கும் அவிழ்க்கவில்லை. நனைந்த ரிபன் இறுகி என் கை சிவந்து போயிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு 2002இல் பேராதனை கம்பஸ் கிடைத்தது. "அவள் பாவம், தனியச் சமாளிக்க மாட்டாள்" என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்த காலம் அது. காசும் பெரிய தடையாக இருக்கவில்லை. சீதன வீட்டை அவளுக்கு எழுதி, இரண்டு வருடத்தில் கலியாணமும் முடித்தார்கள். அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த என்னை, "வாய் இருக்கு, எங்கை விட்டாலும் பிழைப்பாள்" என்று கொழும்புக்கு பஸ் ஏற்றினார்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். சீதனம் அதில் இருக்கிறது. அடக்கமான பிள்ளைக்கு வீடு, வாயுள்ள பிள்ளைக்கு வெளியூர் என்று அதில் எங்கும் இல்லை. அது நாங்களே கட்டிய சட்டம். பேசாத பிள்ளைக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை என நினைப்பது பெரிய அநியாயம். கதைக்கிற பிள்ளைக்குப் பயம் இல்லை என்று நினைப்பதும் அப்படித்தான். கொழும்பு அறையில் மூன்று மாதம் லைட்டை அணைக்காமல் படுத்தவள் நான். அது இன்றுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சாமத்தியவீடு முடிந்து வந்த இரவு அக்காவிடம் கேட்டேன்: "கம்பசுக்குப் போகப்போறன் எண்டு ஏனக்கா அப்ப சொல்லேல்லை?"

மூத்தவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை.

"சொன்னனான். நீங்கள் எல்லாரும் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."