பரேசி கை உயர்த்தினால்

போன வாரம் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது இத்தாலியக் கால்பந்துக் கிளப்பான பழைய ஏசி மிலான் பற்றிய பேச்சு வந்தது. "அது பெர்லுஸ்கோனியின் காசு கட்டிய அணி. இன்றைக்கு எண்ணெய்ப் பணம் செய்வதை அவர் அன்றைக்கே செய்தார், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் நெஞ்சில் வைத்திருக்கும் அணி அது. அவரிடம் வாயால் சொல்ல வராததை இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

காசு இருந்தது. அதை நான் மறுக்கப் போவதில்லை. 1986 பிப்ரவரியில் சில்வியோ பெர்லுஸ்கோனி மிலானை வாங்கினார். தொலைக்காட்சி முதலாளி, கையில் பணம் புரண்டது. அடுத்த ஆண்டே ஆயாக்ஸிலிருந்து மார்கோ வான் பாஸ்டன், பிஎஸ்வியிலிருந்து ரூட் குல்லிட், ரோமாவிலிருந்து கார்லோ அஞ்செலோட்டி. 1988இல் ஃப்ராங்க் ரைகார்ட். 1988, 1989 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலோன் தோர் விருதின் முதல் மூன்று இடங்களும் இந்த ஒரே கிளப்புக்குப் போயின. அப்படி ஒரு கூட்டம்.

ஆனால் பின்னால் தடுப்பாட்டத்தில் நின்ற நான்கு பேரைப் பாருங்கள். வலப்பக்கம் மாரோ தசோட்டி. நடுவில் அலெசாண்ட்ரோ கோஸ்தகூர்த்தாவும் ஃப்ராங்கோ பரேசியும். இடப்பக்கம் பாவ்லோ மால்டினி. தசோட்டி 1980இல் லாசியோவிலிருந்து வந்தவர். மற்ற மூன்று பேரும் மிலானின் சிறுவர் அணிகளிலிருந்தே வளர்ந்தவர்கள். பெர்லுஸ்கோனி வந்தபோது இந்த நால்வரும் ஏற்கெனவே கிளப்பில் இருந்தார்கள். அவருடைய காசு வாங்கித் தராத நால்வர். எனக்கு மிலான் என்றால் முதலில் இவர்கள்தான், வான் பாஸ்டன் அப்புறம்.

பரேசியின் கதையைச் சொன்னால்தான் இது புரியும். பையனாக இருந்தபோது இன்டர் மிலானுக்குத் தேர்வுக்குப் போனார். ஆள் சிறியவன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ஜுசெப்பேயை வைத்துக்கொண்டார்கள். தம்பி அதே ஊரின் இன்னொரு கிளப்புக்குப் போனார். 1980இல் சூதாட்ட ஊழல் காரணமாக மிலான் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. மேலே ஏறி வந்து, 1982இல் மறுபடி விழுந்தது, இந்த முறை மோசமாக ஆடியதால். அந்தக் கோடையில்தான் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது, அந்தக் குழுவில் பரேசியும் இருந்தார். உலகக் கோப்பைக் குழுவில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பையன் இரண்டாம் டிவிஷனில் ஏன் கிடக்க வேண்டும்? எந்தக் கிளப்பும் கூப்பிட்டிருக்கும். அவர் போகவில்லை. தசோட்டியும் அந்த இரண்டு இரண்டாம் டிவிஷன் சீசன்களையும் ஆடியவர்தான். இதை எந்த முதலாளியும் செக் எழுதி வாங்கவில்லை.

நான் இவர்களை முதலில் பார்த்தது 1990 உலகக் கோப்பையில், பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், தூர்தர்ஷனில். எல்லோரும் மரடோனாவைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலி ஆடும்போது நான் மட்டும் ஒருவரைக் கவனித்தேன். பெரிய உயரமில்லை, முன்தலையில் முடி குறைந்துகொண்டிருந்தது, சட்டையை டவுசருக்குள் விடாமல் வெளியே போட்டிருந்தார். எதிரணி பந்தைத் தூக்கிப் போடும் நொடியில் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடப்பார். லைன்ஸ்மேன் கொடியும் உயரும். ஆஃப்சைடு: பந்து கிளம்பும் நொடியில் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நிற்கும் எதிரணி ஆளுக்குப் பந்து செல்லாது. ஓட்டம் இல்லை, சறுக்கல் இல்லை, ஆனால் பந்து திரும்பி வந்துவிடும். அரையிறுதி வரை இத்தாலி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அவர் எந்தக் கிளப் என்று விசாரித்ததில்தான் மிலான் என்ற பெயர் எனக்குள் வந்தது. பழைய ஆட்டங்களை முழுசாகப் பார்க்க இணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கை அப்படி உயரக் காரணமானவர் அர்ரிகோ சாக்கி. ஃபுசிஞ்ஞானோ என்ற சிற்றூர்க்காரர். அப்பாவின் செருப்புத் தொழிற்சாலைக்காக ஊர் ஊராக விற்பனைக்குப் போனவர். தொழில்முறையில் ஒரு நாளும் பந்து ஆடியதில்லை. 1986-87 சீசனில் இரண்டாம் டிவிஷனில் இருந்த பார்மாவை வைத்துக்கொண்டு இத்தாலியக் கோப்பைப் போட்டியில் மிலானை இரண்டு முறை தோற்கடித்தார். பெர்லுஸ்கோனி அவரையே கூட்டிவந்து மிலானின் பயிற்சியாளராக உட்கார வைத்துவிட்டார். ஆடாதவன் எப்படிக் கற்றுத் தருவான் என்று பத்திரிகைகள் கேட்டன. குதிரைப் பந்தய ஜாக்கி ஆக வேண்டுமானால் முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதே என்றார் சாக்கி.

அன்றைய இத்தாலிய ஆட்டம் வேறு மாதிரி. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காவல் நிற்பார்கள், எல்லோருக்கும் பின்னால் துப்புரவு செய்ய ஒருவர் நிற்பார். சாக்கி இதைத் தூக்கிப் போட்டார். ஆளைப் பார்க்காதே, பந்தையும் இடத்தையும் கூட ஆடுபவனையும் பார் என்றார். முன்னால் நிற்கும் வான் பாஸ்டனுக்கும் பின்னால் நிற்கும் பரேசிக்கும் நடுவே இருபத்தைந்து மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. பத்துப் பேரும் ஒரே போர்வைக்குள் படுத்திருப்பதுபோல நகர வேண்டும், ஒருவர் இழுத்தால் எல்லோரும் இழுபட வேண்டும். பந்தே இல்லாமல் மைதானத்தில் நிற்க வைத்து, பந்து இங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லி மணிக்கணக்கில் பழக்கினார். ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த பரேசிக்கு, தான் பார்மாவில் வைத்திருந்த சிஞ்ஞோரினி என்ற தடுப்பாட்டக்காரரின் வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பரேசி கற்றுக்கொண்டார்.

நட்சத்திரங்களுக்கு இதெல்லாம் எரிச்சல்தான். அதற்கு சாக்கி ஒரு பந்தயம் வைத்தார். ஒரு பக்கம் ஐந்தே பேர்: கோல்கீப்பர் ஜொவானி கல்லி, அந்த நால்வர். எதிரே பத்துப் பேர்: குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட், டோனடோனி, அஞ்செலோட்டி என்று முழுப் படை. பதினைந்து நிமிடத்தில் ஒரு கோல் போடுங்கள் பார்ப்போம். ஒருமுறைகூடப் போட முடிந்ததில்லை என்று சாக்கி பின்னால் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நண்பரே, உலகத்திலேயே விலை உயர்ந்த முன்வரிசையை விலையில்லாத பின்வரிசை நிறுத்தி வைத்த கதை இது. இதற்கு மேல் நான் என்ன வாதம் செய்ய?

1987-88 சீசனில் முப்பது ஆட்டத்தில் பதினான்கே கோல் வாங்கி இத்தாலிய லீக்கை வென்றார்கள். மே 1 அன்று நேப்பிள்ஸுக்கே போய் மரடோனாவின் நாப்போலியை 3-2 என்று வீழ்த்தியதுதான் திருப்பம். தோற்ற ஊர்க்காரர்களே கைதட்டி அனுப்பினார்கள்.

அடுத்தது ஐரோப்பியக் கோப்பை, ஒவ்வொரு நாட்டு லீக்கையும் வென்ற கிளப்புகள் மோதும் போட்டி. இந்த ராஜ்ஜியம் பிறக்காமலேயே போயிருக்க வேண்டியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1988 நவம்பர், இரண்டாம் சுற்று, எதிரே பெல்கிரேடின் ரெட் ஸ்டார். மிலானில் 1-1. பெல்கிரேடில் நடந்த திரும்பும் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் சாவிசெவிச் கோல் போட்டு ரெட் ஸ்டார் முன்னால் போய்விட்டது, மிலானின் விர்திஸுக்கு ரெட் கார்டு வேறு. கதை முடிந்தது என்ற நிலையில் மூடுபனி இறங்கியது. ஆட்டக்காரர்களே ஒருவரையொருவர் பார்க்க முடியாத அளவுக்குப் பனி. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அன்றைய விதிப்படி மறுநாள் முதல் நிமிடத்திலிருந்து புதிதாக ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் டோனடோனி மோதி விழுந்து, மூச்சு அடைத்து, உயிரே போகும் நிலை. தாடையை உடைத்து வாயைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். 1-1 என்று முடிந்து, பெனால்டியில் மிலான் வென்றது. பனி இறங்காமல் இருந்திருந்தால் நான் இன்று எதைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்? தெரியவில்லை. அந்த சாவிசெவிச்சே சில ஆண்டு கழித்து மிலானுக்கு வந்து சேர்ந்தார் என்பது இன்னொரு அழகு.

அப்புறம் 1989 ஏப்ரல் 19, மிலானின் சொந்த மைதானமான சான் சீரோ, எதிரே ரியல் மாட்ரிட், அரையிறுதி. நான்கு நாளுக்கு முன்புதான் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மிலான் ரசிகர்கள் லிவர்பூல்காரர்களின் பாட்டை எடுத்துப் பாடினார்கள். வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். பிறகு ஐந்து கோல்: அஞ்செலோட்டி, ரைகார்ட், குல்லிட், வான் பாஸ்டன், டோனடோனி. 5-0. ஐந்து மாதத்துக்கு முன் மைதானத்தில் செத்துப் பிழைத்தவர்தான் அந்த ஐந்தாவது கோலைப் போட்டார். பார்சிலோனாவில் நடந்த இறுதிப்போட்டியில் ருமேனியாவின் ஸ்தேவ்வாவை 4-0 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0. அதன்பின் அந்தக் கோப்பையைத் தொடர்ந்து இரண்டு முறை வெல்ல இன்னொரு கிளப்புக்கு 2017 வரை ஆயிற்று.

சாக்கி 1991இல் போய்விட்டார். லீக் அவருக்கு ஒரே ஒரு முறைதான். அவருக்கு அடுத்து வந்த ஃபாபியோ கபெல்லோ ஐந்து ஆண்டில் நான்கு லீக். 1991-92 சீசனில் முப்பத்துநான்கு ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை. 1991 மே முதல் 1993 மார்ச் வரை லீக்கில் தொடர்ந்து ஐம்பத்தெட்டு ஆட்டம் தோல்வியே இல்லை. அதை முறித்தது பார்மா, அஸ்ப்ரில்லாவின் ஃப்ரீகிக். சாக்கியைக் கொடுத்த அதே பார்மா.

எண்ணிக்கையில் கபெல்லோதான் பெரியவர். பார்க்க எனக்குப் பிடித்தது சாக்கியின் அணி. ஆனால் 1993-94 சீசனைப் "போரடிக்கும் ஆட்டம்" என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். முப்பத்துநான்கு ஆட்டத்தில் போட்டது முப்பத்தாறு கோல், வாங்கியது பதினைந்து. கோல்கீப்பர் செபஸ்தியானோ ரோஸ்ஸி 929 நிமிடம் தொடர்ந்து கோல் வாங்கவில்லை. வான் பாஸ்டன் கணுக்காலோடு போராடிக்கொண்டிருந்தார், குல்லிட்டும் ரைகார்ட்டும் கிளம்பிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய டச்சுக்காரர்கள் மூவரும் களத்தில் இல்லாத ஆண்டு அது. அந்த ஆண்டிலும் லீக்கை வென்று கொடுத்தது பின்வரிசை.

அந்த மே 18 அன்று ஏதென்ஸில், யோஹான் க்ரைஃப் பயிற்சியளித்த பார்சிலோனாவோடு ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி. ரொமாரியோ, ஸ்டாய்ச்கோவ், கூமன், இளம் கார்டியோலா. மிலானில் பரேசிக்கும் கோஸ்தகூர்த்தாவுக்கும் தடை. நடுவே இரண்டு தூண்களும் இல்லை. எல்லோரும் பார்சிலோனா என்றார்கள். கபெல்லோ மால்டினியை நடுவுக்கு மாற்றினார், தசோட்டி கேப்டன் பட்டையைக் கட்டினார். மஸ்ஸாரோ இரண்டு, சாவிசெவிச் கீப்பர் தலைக்கு மேலே தூக்கிவிட்ட அந்த அற்புதம், தெசைலி ஒன்று. 4-0. நால்வரில் இரண்டு பேர் இருந்தாலே போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பெர்லுஸ்கோனி அதே மே மாதம் இத்தாலியின் பிரதமர் ஆனார். மைதானத்துக் கோஷத்தையே கட்சிக்குப் பெயராக வைத்தவர். நான் நேசித்த அணி அவருடைய அரசியலுக்குப் படிக்கட்டாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். 1991இல் ஐரோப்பியக் கோப்பையில், பிரான்சின் மார்செய்யில் தோற்கும் நிலையில் மின்விளக்குப் பழுதைச் சாக்காக வைத்து நிர்வாகம் அணியை உள்ளே கூட்டிப்போனதும் அசிங்கம்தான். ஓராண்டு ஐரோப்பியத் தடை நியாயமான தண்டனை. அன்பு இருப்பதால் இதையெல்லாம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு அப்படி ஒரு பின்வரிசை வருமா என்றால், வராது என்றுதான் நினைக்கிறேன். 1990 வரை கடைசித் தடுப்பாட்டக்காரரோடு ஒரே வரிசையில் நின்றாலும் ஆஃப்சைடு. அந்த விதி மாறிவிட்டது. பந்தைத் தன் கோல்கீப்பருக்கே திருப்பி உதைத்து, அவர் கையில் பிடித்துக்கொள்ள, மூச்சு வாங்கும் வசதி 1992இல் போனது. அதைவிடப் பெரிய காரணம், நான்கு பேர் பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்பதற்கு இன்று எந்தக் கிளப்பிலும் பொறுமை இல்லை. அடுத்தவன் எப்போது ஓர் அடி முன்னால் வைப்பான் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய, அவனோடு நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்.

பரேசியும் தசோட்டியும் 1997இல் நிறுத்தினார்கள். பரேசியின் ஆறாம் எண் சட்டையை மிலான் அப்புறம் யாருக்கும் தரவில்லை. கோஸ்தகூர்த்தா 2007இல், நாற்பத்தோரு வயதில், கடைசி ஆட்டத்தில் ஒரு பெனால்டி கோல் போட்டுவிட்டுப் போனார். மால்டினி 2009. சான் சீரோவில் அவருடைய கடைசி ஆட்டம், மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெறுகிறார். சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டம், பழைய மனத்தாங்கலில், அவரைப் பார்த்து ஊளையிட்டது. பரேசியின் பெரிய ஆறாம் எண் சட்டையை உயர்த்திப் பிடித்து, கேப்டன் ஒருவர்தான் என்று கத்தியது. கூடத் தோள் ஒட்டி நின்றவனை அடிக்க அந்த மனிதனின் சட்டையையே எடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மிலானின் எல்லா வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்ப்பவன் நான், அதை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் ஃபிளாரன்ஸில் கடைசியாக ஆடினார். அங்கே ஃபியோரென்டினா ரசிகர்கள், எதிரணிக்காரர்கள், மைதானமே எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். அதைப் பார்ப்பேன்.