எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்காதீர்கள்

வீடியோ கேம் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "எத்தனை மணி நேரம் ஓடும்?" நூறு மணி நேரம் என்றால் காசுக்கேற்ற சரக்கு. இரண்டு மணி நேரம் என்றால் ஏமாற்று வேலை. பெங்களூரில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சியதில்தான் எல்லாரும் வாங்குகிறோம், கணக்குப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. என் மனதில் தங்கிய ஆட்டங்களில் பல, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் முடிந்துவிடுபவை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆட்டம் என் கையையும் மூளையையும் என்ன வேலை வாங்குகிறது? நானாகக் கண்டுபிடிக்க விடுகிறதா, அம்புக்குறி காட்டிய இடத்துக்கெல்லாம் ஓடவைக்கிறதா?

என் வயதுக்காரர்கள் பலருக்கும் முதல் ஆட்டம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் முடிந்த பிறகு கிடைத்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. 1989இல் வந்தது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்துதான் இளவரசனை உருவாக்கினார். அதனால்தான் அவனுக்கு உடம்பின் கனம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவன் சட்டென்று நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். பள்ளம் வருவதற்கு முன்பே நாம் முடிவெடுத்திருக்க வேண்டும். இளவரசியை மீட்க 60 நிமிடம்தான் கெடு. ஒரு மணி நேர ஆட்டத்தை முடிக்க எங்களுக்கு எத்தனையோ சாயங்காலங்கள் பிடித்தன. யாரும் அதைச் சின்ன ஆட்டம் என்று சொன்னதில்லை.

இப்போது போனில் வருபவை பெரும்பாலும் முடியவே முடியாதபடி செய்யப்பட்டவை. தினமும் திறந்தால் பரிசு, திறக்காவிட்டால் இழப்பு. அவற்றில் செலவழிக்கும் நேரத்தை ஆட்டத்தின் அளவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுப் பெரியவர்கள் 'கேம்' என்றாலே பதறுவதற்கும் காரணம் உண்டு. அவர்கள் கேள்விப்பட்டது ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்த குடும்பங்களை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அந்தச் சூதாட்டத்தையும் நான் சொல்லும் ஆட்டங்களையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் சிக்கல்.

சரி, 'வெண்பா' என்ற சமையல் ஆட்டத்துக்கு வருகிறேன். 2023இல் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் வெளியிட்டது. மறு வருடம் அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், 1988இல் கதை தொடங்குகிறது. குடும்பத் தலைவி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போன வரிகளை நாம் சமைத்துப் பார்த்து நிரப்ப வேண்டும். முதல் சமையல் இட்லி. ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வந்தால் ஆவி சரியாக ஏறாது, தட்டை மாற்றித் திருப்பி அடுக்க வேண்டும். நம் வீட்டில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். அந்தக் கைப்பழக்கத்தையே புதிராக்கியிருக்கிறார்களே, அங்கேயே எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது.

வெண்பாவின் மகன் கவின் வளர வளர அம்மாவின் சமையலிலிருந்தும் பேச்சிலிருந்தும் விலகுகிறான். பிற்பாதியில் அவன் அடுப்படியில் நிற்கும்போது அவன் கைகளை இயக்குவது நாம். அம்மாவாக இருந்தபோது சுலபமாக வந்தது, மகனாக வரும்போது தடுமாறுகிறது. வசனத்தில் நீட்டிச் சொல்ல வேண்டியதை ஆட்டம் நம் விரல்களிடம் சொல்லிவிடுகிறது. பெங்களூரின் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகளோடு வாழ்கிறவர்களுக்கு இது கனடாக் கதை மட்டும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. பத்து மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் நாற்பது பலகாரங்கள் வந்திருக்கும், இந்த வலி வந்திருக்காது.

பெரிய பட்ஜெட் ஆட்டங்களை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2017இல் வந்த 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' எனக்கு மிகவும் பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சளர் காலத்து இடிபாடுகளுக்கு நடுவே கணேசரின் தந்தத்தைத் தேடிப் போகும் கதை. சேற்றில் ஜீப் ஓட்டிக்கொண்டு போகும்போது மழைக்காலத்து சக்லேஷ்பூர் பக்கம் போன உணர்வு வருகிறது. ஆனால் ஒரு மனக்குறை. ஆட்டத்தில் சிலைகள் மலை உயரத்துக்கு நிற்கின்றன. ஹொய்சளர் கலையின் அழகு அதற்கு நேர்மாறானது. கர்நாடகத்துப் பேலூர் கோயில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117இல் எழுப்பியது, தலைக்காட்டில் சோழர்களை வென்ற நினைவாகக் கட்டினான் என்பார்கள். நட்சத்திர வடிவ மேடை, அதிகம் உயராத கட்டடம். வெட்டும்போது மென்மையாக இருக்கும் மாக்கல்லில் வளையல், சங்கிலிக் கண்ணி, விரல் நகம் வரை செதுக்கியிருப்பார்கள். முகத்தைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய கலை அது. பேலூரும் ஹளேபீடும் பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடக் கூடிய தூரம். போய்ப் பார்த்துவிட்டு இந்த ஆட்டத்தை ஆடுங்கள், பிரமாண்டம் எதை விழுங்கிவிட்டது என்று தெரியும்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) என்ற விண்வெளி ஆட்டம் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன், சொன்னால் கெட்டுவிடும். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, நாம் மறுபடி அதே காலையில் எழுகிறோம். ஆயுதம் கிடையாது, சேர்த்துவைக்கப் பொருளும் கிடையாது. அடுத்த சுற்றுக்குக் கூட வருவது நாம் தெரிந்துகொண்டது மட்டுமே. இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே குகைகள் மூடும், அங்கே கட்டடங்கள் வெளியே வரும். எந்த நிமிடம் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் சாவி.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா தின்'. 1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் காணாமல் போய், 1807இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நாம் காப்பீட்டு ஆய்வாளர். பிணத்தருகே சட்டைப்பைக் கடியாரத்தைத் திறந்தால் அந்த ஆள் செத்த கணம் உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து பார்க்கலாம். மொத்தம் 60 பேர். யார், எப்படிச் செத்தார், கொன்றது யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று பேரின் முடிவு சரியாக அமைந்தால்தான் ஆட்டம் 'சரி' என்று ஒப்புக்கொள்ளும், ஆகவே குருட்டாம்போக்கில் எழுதிப் பயனில்லை. பேசும் தொனி, உடம்பில் குத்திய பச்சை, தொங்கு படுக்கையின் எண், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இவைதான் தடயம். பழைய மேக் கணினித் திரைபோல இரண்டே நிறம்.

அந்தப் பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் நம் கடற்கரை ஆட்கள் லஸ்கர் என்ற பொதுப் பெயரில் வேலை பார்த்த காலம் அது. இந்த ஆட்டத்தில் கேப்டனுக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் நோயில் சாகும் மாலுமிக்கும் தர வேண்டும், இல்லாவிட்டால் பதிவேடு நிரம்பாது. முடிவில் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் என்ன போய்ச் சேரும் என்ற கணக்கும் வருகிறது. வரலாற்றுப் பாடம் எதுவும் என்னை ஒரு சாதாரண மாலுமியின் முகத்தை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க வைத்ததில்லை.

தனியாக ஆட வேண்டாம். அக்கா மகன் பக்கத்தில் இருந்தபோதுதான் எனக்கு ஆட்டம் நகர்ந்தது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "மாமா, காலைப் பாருங்க" என்றான். நான்கு பெயர்கள் அதில் பிடிபட்டன. யூடியூபில் விடை தேடாதீர்கள், ஒரு தடவைதான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அல்சூர் பக்கம் இருப்பவர்கள் என் வீட்டுக்கே வந்து ஆடலாம், ஞாயிறு மதியம் நான் இருப்பேன். குறிப்பெடுக்க ஒரு நோட்டு மட்டும் கொண்டுவாருங்கள்.