கைதட்டிய பிறகு என்ன?

ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. பேச்சுப் போட்டி, விவாதம், பட்டிமன்றம் என்று சிங்கப்பூரில் நம் வாரயிறுதிகள் நிரம்பிவிடும். நல்லதுதான். ஆனால் பிள்ளைகளைப் பேசப் பழக்கும் அளவுக்கு, கேட்ட பேச்சைப் பிரித்துப் பார்க்க நாம் பழக்குவதில்லை. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

ஒருவரை இணங்க வைக்க மூன்று வழிகள் என்றார் அரிஸ்டாட்டில்: பேசுபவர்மீது வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். ஆங்கிலப் பாடத்தில் இதைப் படித்த என் அக்கா மகள், ஓர் உரையில் மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். "சரி, இந்த இடத்தில் ஏன் உணர்ச்சி வருது?" என்று கேட்டேன். "அது கேள்வியில இல்லையே மாமா."

அந்த 'ஏன்'தான் விஷயமே. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாருங்கள். கண்ணகி அரசன்முன் வாய் திறக்கும் முன்பே வாயிற்காவலன் அவள் கோலத்தை அரசனிடம் சொல்லிவிடுகிறான்: கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள். உணர்ச்சி முதலில் உள்ளே போய்விட்டது. "யார் நீ?" என்கிறான் பாண்டியன். மதுரையில் அவளை யாருக்குத் தெரியும்? அதனால் புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்று தொடங்குகிறாள். தான் யார் என்றும் சொல்லியாயிற்று, அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று குத்தியும் ஆயிற்று. அவன் பதிலும் லேசானதல்ல. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான். அந்த விதியோடு அவள் மல்லுக்கு நிற்கவே இல்லை, கவனித்தீர்களா? கோவலன் கள்வன் என்ற அடிப்படையில்தான் கை வைக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அரசன் வாயாலேயே வருகிறது. அப்புறம் உடைப்பதுதான் பாக்கி.

இதெல்லாம் இலக்கிய ரசனை, பிழைப்புக்கு உதவுமா என்பீர்கள். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளிக்குக் குறையாது. அதிகாரி பேசுவதாக வரும் அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பதவி. அடுத்து, "உங்கள் கணக்கில் கறுப்புப் பணம்" என்ற மிரட்டல். கடைசியில்தான் வழக்கு எண், முத்திரையிட்ட கடிதம். பயத்தை ஏன் நடுவில் வைக்கிறார்கள்? பயந்தவர் ஆதாரத்தைச் சரிபார்க்க மாட்டார். மோசடி பற்றி விசாரிக்கும் உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேட்கலாம் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றாது.

அதற்காக, உணர்ச்சியைத் தொட்டாலே ஏமாற்று என்று பிள்ளைகள் முடிவுகட்டுவதும் எனக்குப் பிடிக்காது. கண்ணகியின் கண்ணீர் என்ன பொய்யா?

அடுத்த ஏப்ரலில் ஏதாவது ஒரு பள்ளி, பேச்சுப் போட்டிக்குப் பதிலாகப் பேச்சைப் பிரிக்கும் போட்டி வைத்துப் பார்க்கட்டும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய பிரதமர் திரு லீ குவான் யூ கண்கலங்கிய செய்தியாளர் சந்திப்பைப் போட்டுக் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரு நிலங்களும் ஒன்றுபட்டவை என்பதற்குப் புவியியல், பொருளியல், உறவு என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் உடைந்துபோனது, அந்தக் காரணங்களுக்கு வலு சேர்த்ததா, குறைத்ததா? பரிசுப் பணத்தில் என் பங்கையும் தருகிறேன்.