சரியான விடைக்கு இருபது தடவை இம்போசிஷன்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு என் மகள் தூக்கக் கலக்கத்தோடு இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "இஃப் ஷீ ஹேட் டேக்கன் த மெடிசின் லாஸ்ட் நைட், ஷீ வுட் ஹேவ் பீன் ஆல்ரைட் நவ்." இதை இருபது தடவை எழுத வேண்டுமாம். அவள் முதலில் எழுதியிருந்த விடை "ஷீ வுட் பி ஆல்ரைட் நவ்". அதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "தேர்ட் கண்டிஷனல்" (நடக்காமல் போன பழைய விஷயத்தைச் சொல்லும் மூன்றாவது வகை 'இஃப்' வாக்கியம்) என்று எழுதி, இரண்டு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார்கள்.

"கடைசியில 'நவ்'னு போட்டிருக்குதுங்கப்பா. மருந்து குடிக்காதது நேத்து, உடம்பு சரியில்லாதது இப்ப. அப்புறம் எப்படிங்கப்பா நான் எழுதுனது தப்பு?"

தப்பே இல்லை கண்ணு. நீ எழுதியதுதான் சரி. எனக்கு வந்த கோபத்தில் அந்த நோட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

முன்பாதி நேற்றைப் பற்றியது, பின்பாதி இந்த நிமிஷத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதற்கு மிக்ஸ்ட் கண்டிஷனல் என்று பெயரே இருக்கிறது, இலக்கணப் புத்தகங்களில் தனிப் பகுதியாகவே வருகிறது. நாமும் அன்றாடம் பேசுகிற பேச்சுதானே? "அன்னைக்கே அந்த இடத்தை வாங்கியிருந்தா இன்னைக்குச் சொந்த வீட்டுல இருப்போம்" என்று புலம்பாத குடும்பம் ஏது? அந்தப் பிள்ளை வாக்கியத்தைப் படித்து, அர்த்தத்தை யோசித்து, "நவ்" என்ற சொல்லைக் கவனித்து எழுதியிருக்கிறாள். யோசித்ததற்குத் தண்டனை, யோசிக்காமல் கட்டத்தை நிரப்பியவர்களுக்கு முழு மார்க்.

நான் திருப்பூரில் பதினேழு வருஷமாக மெர்ச்சண்டைசர் (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிற) வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. "இஃப் யூ அப்ரூவ் த லேப் டிப் டுடே, வீ வில் ஷிப் ஆன் டைம்" என்று எழுதினால் அது வாக்குறுதி (லேப் டிப் என்பது நிறம் பார்க்க அனுப்பும் சாயத் துணி மாதிரி). "இஃப் யூ ஹேட் அப்ரூவ்ட் இட் லாஸ்ட் வீக், த கூட்ஸ் வுட் பி ஆன் த ஷிப் நவ்" என்று எழுதினால், தாமதம் உங்களால்தான், சரக்கு இந்நேரம் தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருக்கும் என்று அர்த்தம். சரக்கை விமானத்தில் அனுப்பும் ஏர் ஃபிரைட் செலவு யார் தலையில் விழும் என்பது இப்படிப்பட்ட ஒரு வரியில் தொங்கும். நான் பிழைப்புக்கு எழுதுகிற அதே அமைப்பைத்தான் என் மகள் எழுதினாள். அதைத்தான் அடித்திருக்கிறார்கள்.

வொர்க்‌ஷீட்டை முழுக்கப் பார்த்தேன். நாற்பது கோடிட்ட இடங்கள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் எந்த உறவும் கிடையாது. மேலே ஒரு கட்டம்: இந்தப் பக்கம் பாஸ்ட் பர்ஃபெக்ட் ('ஹேட் டேக்கன்' மாதிரி) இருந்தால் அந்தப் பக்கம் வுட் ஹேவ் போடு. பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். "இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை." நான் ஒன்பதாவது படிக்கும்போதும் இதே பறவைதான். "இஃப் யூ ஹேட் வொர்க்ட் ஹார்ட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்." இதுவும் அதேதான். பிள்ளைகளைத் திட்டுவதற்கு மட்டும்தான் மூன்றாவது வகை கண்டுபிடிக்கப்பட்டதா?

எனக்குப் பெரிய ஆற்றாமை வேறொன்று. இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். தாய்மொழியில் தெரியும். அதை ஒருவரும் எடுத்துக் காட்டுவதில்லை. "நடக்காத விஷயத்துக்கு எதுக்கு மிஸ் பாஸ்ட் டென்ஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் "அது ரூல், எழுதிக்கோ" என்பதுதான் பதில். "நாளைக்கு மழை பெய்தால்" என்கிறோமே, அதில் "பெய்த்" என்பது என்ன? இறந்தகால அடி! "வந்தால்", "கேட்டால்", "போனால்" எல்லாவற்றிலும் அப்படித்தான். நாளை நடக்கப்போவதை இறந்தகால அடியில் வைத்துப் பேசுவது மூன்று வயதிலிருந்தே நமக்குப் பழக்கம். "வருவேனால்" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அதேபோலத்தான் அங்கேயும் இஃப் பக்கத்தில் வில் வராது. இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம். சொன்னால் ஒரு பிள்ளையும் "இஃப் ஹீ வில் கம்" என்று எழுதாது.

"அன்லெஸ்" ("செய்தாலொழிய" என்கிறோமே, அந்த "ஒழிய") கதை இதைவிடக் கொடுமை. "அன்லெஸ் யூ டோன்ட்" என்று எழுதி மார்க்கை இழக்காத பிள்ளை வகுப்பில் இருக்காது. "விசும்பின் துளிவீழின் அல்லால்" என்று பதினாறாவது குறளில் வள்ளுவர் சொல்வது அன்லெஸ் இல்லாமல் வேறென்ன? துளி விழுந்தாலொழியப் பசும்புல்லின் தலையைக்கூடக் காண முடியாது. "விழாவிட்டாலொழிய" என்று நாம் சொல்வோமா? அந்த அல்லாலுக்குள்ளேயே இல்லை என்பது இருக்கிறது, மேலே இன்னொரு "நாட்" எதற்கு? குறளை முதல் பீரியடில் ஒப்பிக்கிறார்கள், அன்லெஸ்ஸை மூன்றாவது பீரியடில் ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு சுவர்.

உண்மையிலேயே கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்திச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. "லீவு கிடைச்சா ஊருக்கு வர்றேன்." கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தமிழில் குரலே சொல்லிவிடும், வினைச்சொல் அப்படியேதான் இருக்கும். ஆங்கிலம் அப்படி விடாது. "இஃப் ஐ கெட் லீவ், ஐ வில் கம்" என்றால் கிடைக்கலாம். "இஃப் ஐ காட் லீவ், ஐ வுட் கம்" என்றால் பேசுகிறவருக்கே நம்பிக்கை இல்லை. இதுதான் நமக்குப் புதிது. பயிற்சி கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள். வீட்டில் நடக்கிற, பஸ்ஸில் நடக்கிற பத்து சம்பவத்தைச் சொல்லி, நடக்குமா நடக்காதா என்று பிள்ளைகளைப் பேச வையுங்கள். எங்கள் ஆபீஸுக்கு இன்டர்வியூ வருகிற பட்டதாரிகள், "பையர் ஆர்டரை கேன்சல் பண்ணினால் என்ன செய்வாய்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் கண்ணெதிரே உறைந்து நிற்கிறார்கள். அத்தனை பேரும் நாற்பது கோடிட்ட இடங்களை நிரப்பி வந்தவர்கள்தான். அவர்களைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது.

ஆசிரியருக்கும் ஐம்பது நோட்டு, கையில் ஒரு விடைத்தாள், நேரமில்லை. புரிகிறது. ஆனால் விடைத்தாளோடு ஒத்துப்போகாத ஒரு விடை வந்தால், "ஏன் இப்படி எழுதினாய்" என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டிருந்தால் என் மகள் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு ஆங்கிலத்தின் மேல் இந்தப் பயமும் இருக்காது.

இருபதில் பதினான்கு எழுதியிருந்தாள். மீதி ஆறையும் எழுத வேண்டாம் என்று நோட்டை மூடி வாங்கி வைத்துவிட்டேன். "திட்டுவாங்கப்பா" என்றாள். காலையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கிறேன். நோட்டோடு நானே பள்ளிக்குப் போகிறேன்.