வேன் வீட்டில் காசு எங்கே போக வேண்டும்

வாடகை கட்டி மாளவில்லை, பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக்கிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். காணொளிகளில் காட்டுவதெல்லாம் மரச்சுவர், மடக்குக் கட்டில், தொங்கு விளக்கு. என் கட்சி இதற்கு எதிர்க்கட்சி. காசும் கவனமும் போக வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்களுக்கு: எடை, ஈரம், மின்சாரம். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் அட்டைப்பெட்டியில் துணி வைத்துக்கொண்டுகூட வாழ்ந்துவிடலாம். இவற்றில் கோட்டைவிட்டால், எவ்வளவு அழகாக இழைத்த பலகையையும் பிரித்துப் போடும் நாள் வரும்.

முதலில் பணக்கணக்கு. இப்போது கொடுக்கும் மாத வாடகையை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். வேன் விலையும் கட்டும் செலவும் சேர்ந்து, பிறகு விற்றால் கிடைப்பதைக் கழித்து, 30 மாத வாடகை ஆகிறது என்போம். காப்பீடு, வரி, டயர், எஞ்சின் வேலை, எரிபொருள், நிறுத்துமிடக் கட்டணம், குளிக்கவும் துவைக்கவும் வெளியே கொடுப்பது எல்லாம் மாதத்துக்கு 0.4 வாடகை என்றால், மிஞ்சுவது 0.6. முப்பதை 0.6ஆல் வகுத்தால் 50 மாதம். நான்கு வருடம் தாண்டிய பிறகுதான் முதல் காசு மிச்சம். அதே வேலையை 12 மாத வாடகைக்குள் முடித்து, மாதச் செலவை 0.3க்குள் பிடித்தால் 17 மாதத்தில் ஈடாகிவிடும். ஆடம்பரமாகக் கட்டுவது தப்பில்லை. அதை வாடகை மிச்சம் என்று சொல்லாமல் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை இழுத்துக்கொண்டே போனாலும் நஷ்டம்தான்: வேன் சும்மா நிற்கும் ஒவ்வொரு மாதமும் அதன் வரியும் காப்பீடும் வாடகையோடு கூடவே போகின்றன.

இனி எடை. வண்டி ஏற்கக்கூடிய மொத்த எடை அதன் ஆவணத்திலும் தகட்டிலும் இருக்கும். பின்பக்கத்தைக் காலி செய்து, டேங்கை நிரப்பி, எடைமேடையில் ஒரு சீட்டு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் ஆட்கள், தண்ணீர், சாமான், வீடு எல்லாம் அடங்க வேண்டும். சிறிய வேன்கள் பலவற்றில் அது 600, 700 கிலோதான். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 12 மி.மீ. கனத்தில் ஒரு ஷீட் 20 கிலோவைச் சுற்றி இருக்கும், 18 மி.மீ. என்றால் 30ஐத் தாண்டும். பத்து ஷீட் இறக்கினாலே எங்கே போய் நிற்கும் பாருங்கள். சுவருக்கு 4 முதல் 6 மி.மீ., அலமாரிக்கு 9, எடை தாங்கும் இடத்தில் மட்டும் 12 போதும். முன், பின் அச்சுகளுக்குத் தனித்தனி வரம்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கட்டில் எல்லாவற்றையும் பின்சக்கரத்துக்குப் பின்னால் குவித்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வளைவில் வண்டி பேச்சைக் கேட்காது. கனமானவை தாழ்வாக, அச்சுகளுக்கு நடுவே, இடம் வலம் சமமாக இருக்கட்டும். திடீர்ப் பிரேக்கில் பறக்கக்கூடிய எதையும் மர ஸ்க்ரூவை நம்பித் தகரத்தில் மாட்டாதீர்கள். வண்டி உடலின் சட்டக் கம்பிகளில் எம் 6 ரிவெட் நட் (துளையில் நசுக்கிப் பொருத்தும், 6 மி.மீ. ஸ்க்ரூ ஏற்கும் நட்), தரையில் எம் 8 போல்ட், அடியில் அகலமான இரும்புத் தகடு. துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்; பிரேக் குழாயும் டீசல் டேங்கும் அங்கேதான் இருக்கின்றன.

ஈரம்தான் வேன் வீட்டின் முதல் எதிரி, சூடும் குளிரும் அதற்குப் பிறகு. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறார். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேருவதால் வாயுவைவிட நீர் அதிகம். அந்த நீர் போய்ப் படிவது சுவரின் உள்ளே மறைந்திருக்கும் குளிர்ந்த தகரத்தில். பஞ்சு மாதிரி இன்சுலேஷனை உள்ளே திணித்து மேலே பலகை அடித்தவர்களுக்குச் சில மாதங்களில் பூஞ்சை வாடையும் பிறகு துருவும் வருவது இதனால்தான். காற்று ஊடுருவாத ரப்பர் நுரை ஷீட்டை, 20 முதல் 25 மி.மீ. கனத்தில், தகரத்தோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டுவது பாதுகாப்பான வழி. சட்டக் கம்பிகள் மேல் 6 மி.மீ. நுரையாவது வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் காலையில் ஒரு துளி தொங்கும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் விரிநுரையைப் பொந்துகளில் அடிப்பது வேண்டாம். கதவு, ஓரச் சட்டங்களின் அடியில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளை அது அடைத்துவிடும், தகரத்தையும் புடைக்க வைக்கும். இதற்கெல்லாம் முன்னால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து பிரைமர் அடித்தாக வேண்டும். முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, கூரை வாய்க்கால் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள்.

இன்சுலேஷன் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. காற்றை மாற்றுவது கூரை ஃபேன். பெரும்பாலான மாடல்களுக்கு 14 அங்குலச் சதுரத் துளை. வெட்டும்போது உள்ளே துணி விரித்து, இரும்புத் தூளை ஒன்று விடாமல் வழித்தெடுங்கள். பெயிண்ட் மேல் கிடக்கும் தூள் அங்கேயே துருப்புள்ளி ஆகும். வெட்டிய விளிம்புக்கு பிரைமர், ஃபேன் சட்டத்தின் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), மேலே கூரை சீலன்ட். கண்ணாடிக்கு அடிக்கும் சாதா சிலிக்கான் இங்கே உதவாது. அது உரிந்தால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. ஃபேன் வெளியே தள்ளினால் போதாது, தாழ்வாக எங்கேயாவது காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். மெத்தையை நேராகப் பலகையில் போடாமல் இடைவெளி விட்ட சட்டங்களின் மேல் போடுங்கள். வெயிலுக்கு முன் கண்ணாடியை வெளியிலிருந்து மூடுவதே மேல். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும்.

மின்சாரத்தில் முதலில் வாங்குவது பேட்டரி அல்ல, பேனாவும் தாளும். 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ், சிறியது, நாளுக்கு 40 ஆம்பியர் மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர் மணி). ஃபேன் 15, மடிக்கணினி 20, விளக்கும் போனும் 7 அல்லது 8. ஆக எண்பதைத் தாண்டும், வெயில் காலத்தில் பிரிட்ஜ் இன்னும் கேட்கும். ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் தொட வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். எனவே இரண்டு நாள் தாங்க 200 ஆம்பியர் மணி லித்தியம், அல்லது அதைப்போல் இரு மடங்கு ஈயமும் அதன் எடையும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனல் அதன் மேல் எழுதியிருப்பதில் 70 சதவீதம் கொடுத்தாலே பெரிது. நாலரை மணி நேர நல்ல வெயிலுக்கு 400 வாட் பேனல் 1250 வாட் மணி அளவில், அதாவது 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் மணியைச் சுற்றித் தரும். மேலே சொன்ன தேவைக்கு அது சரியாக இருக்கும், மேகமூட்டத்துக்கு மிச்சம் அதிகம் இருக்காது. அதற்குத்தான் ஓடும் எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) நேராக இணைத்தால், அது கட்டுப்பாடில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடலாம்.

"பேட்டரி நிரம்பித்தான் இருக்கிறது, பிரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஒல்லி வயர். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு, 10 ஆம்பியர் ஓட்டம்: கிட்டத்தட்ட 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பிரிட்ஜ் பேட்டரி தீர்ந்தது என்று எண்ணி அணைந்துகொள்ளும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3க்குள். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பலபுரி வயரும், அதன் முனையில் கருவியால் அழுத்திய லக்கும் (உலோக முனைத் துண்டு) வேண்டும். பியூஸ் காப்பது வயரை, சாதனத்தை அல்ல. ஆகவே அதை பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 70 சதுர மி.மீ. கேபிள் தேவை. சும்மா ஆன் செய்து வைத்தாலே பலவும் 10, 20 வாட் தின்னும், 20 வாட் என்றால் ஒரு நாளுக்கு அது ஒரு பிரிட்ஜ் செலவு.

எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும், வசிக்கும் பக்கத்துக்கு அந்தப் பெட்டி காற்றுப் புகாமல் அடைந்திருக்க வேண்டும். எரிவாயு அலாரம் தரையருகே, கார்பன் மோனாக்சைடு (மணமில்லாத விஷவாயு) அலாரம் தலையணை உயரத்தில். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது சாவை அழைப்பது. தீயணைப்பானைக் கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

தண்ணீருக்குப் பெரிய தொட்டி அவசியமில்லை. 20 லிட்டர் கேன் இரண்டு, கழிவுக்கு ஒன்று, மிதி பம்பு. குளியலை விட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8, 10 லிட்டர் போதும். கழிப்பறையில் சிறுநீரைத் தனியாகப் பிரித்தாலே நாற்றத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சரக்கு வேனை வசிக்கும் வாகனமாக மாற்றினால் பதிவிலும் காப்பீட்டிலும் மாற்ற வேண்டுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டால் தீ விபத்துக்குப் பின் இழப்பீடு கிடைப்பது சந்தேகம். வண்டி பட்டறைக்குப் போகும் நாட்களில் வீடும் அங்கேதான் நிற்கும், வெளியே தங்கும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். எஞ்சின் மூடி, ஸ்பேர் டயர், ஜாக், பியூஸ் பெட்டி இந்த நான்கையும் கட்டிலைக் கழற்றாமல் தொட முடிகிறதா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்; அலமாரி கட்டியவருக்கும் பழுது பார்க்க வருபவருக்கும் சண்டை வருவது எப்போதும் இங்கேதான்.