எர்த் என்கிற எமன்

எங்கள் டிராக்டர் டிரெய்லரில் பின் விளக்கு ஒழுங்காக எரிந்து நான் பார்த்ததே இல்லை. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பல்பு மாற்றியாச்சு, ஃபியூஸ் மாற்றியாச்சு. டெஸ்ட் லேம்ப் வைத்தால் 12 வோல்ட் ஜம்மென்று வருகிறது. கடைசியில் பார்த்தால் எர்த்! அதாவது, கரண்ட் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸ் வழியாக பேட்டரிக்குத் திரும்பிப் போகிற இணைப்பு. சேசிஸ் போல்ட்டைச் சுற்றித் துரு, வயர் முனையில் பச்சைக் களிம்பு. குறுவை அறுப்பு மழையில், வயல் சேற்றிலேயே நின்றால் செம்பு வேறென்ன செய்யும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், பளிச்சென்று எரிந்தது. சரி என்று நெல் மூட்டையோடு மன்னார்குடி ரோட்டில் ஏறினால் வலது பக்கம் அவுட். இந்தத் தடவை எலி. வைக்கோலுக்கு வந்தது வயரையும் ருசி பார்த்துவிட்டது. இப்போது தம்பி மூட்டை மேல் டார்ச்சோடு உட்கார்ந்து வருகிறான்.